விடுமுறையும் தொழிற் பயிற்சியும்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விடுமுறைக் காலத்தில் மாணாக்கர் பெறும் தொழிற் பயிற்சி பற்றிப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். விடுமுறை என்றதும் பிள்ளை வீட்டுக்கு வருவான், நாலு நாள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நன்றாக உறங்குவான் என்று எண்ணும் தாய்மார் இச்சபையில் உளர். அவர்களுக்கு எதிராக வழக்குரைக்க நாம் வரவில்லை. எனினும், பட்டம் பெற்று வெளியேறும் நாளில் "உமக்கு என்ன வேலை தெரியும்?" என்று ஒருவர் கேட்டால், பரீட்சைப் பெறுபேற்றை மாத்திரம் எடுத்து நீட்டக்கூடிய நிலையிலே மாணாக்கர் பலர் இருக்கின்றனர் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். மேலைநாட்டார் இதனைக் கோடைப் பயிற்சி என்பர். அவர்களுக்கு யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை பல்கலைக்கழகங்களில் வகுப்பு இராது. அம்மாதங்களில் மாணாக்கர் கந்தோர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்வர். எமக்கோ ஆண்டு முழுவதும் வெயில். எமது விடுமுறையும் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோயும் 2022-ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாடும் எமது தவணைகளையெல்லாம் முன்பின்னாகப் புரட்டிவிட்டன. ஆகவே கோடை என்பதை விட்டுவிடுவோம். வகுப்பு நடவாத மாதங்களில், வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று, அங்குள்ளவர்களின் கீழ் நின்று வேலை பழகுதல் என்பதே இதன் பொருள். பொறியியல் மாணாக்கருக்கு இது பாடத்திட்டத்திலேயே உண்டு. அதனைக் கைத்தொழிற் பயிற்சி என்பர். மற்றைப் பீடங்களில் உள்ளகப் பயிற்சி என்ற பெயர் வழங்குகிறது. பயில்பவருக்குப் பயிலுநர் என்று பெயர்.

உள்ளகப் பயிற்சி என்னும் வழக்கு வைத்தியர்களிடமிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே தங்கி வைத்தியம் பழகிய இளைஞரையே மேலைநாட்டார் முதலில் இப்பெயரால் அழைத்தனர். இன்றும் எமது நாட்டில் வைத்தியப் பட்டம் பெற்றவர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்ற பின்னரே முழு வைத்தியராகப் பதிவு பெறலாம். ஆறு மாதம் ஒரு பிரிவில், ஆறு மாதம் மற்றொரு பிரிவில். படித்தது போதாது, பார்த்தும் பழகியும் வா என்று சொல்லும் துணிவு அந்தத் தொழிலுக்கு உண்டு. ஏனெனில் அங்கே பிழைத்தால் உயிர் போகும்.

இவ்விஷயத்தில் யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய உறவு ஒன்றுண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டில் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, எம்மவருக்கு மேலை வைத்தியம் கற்பித்தார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870-இல். அதற்கு வெகுகாலம் முன்னரே மானிப்பாயில் வைத்திய மாணாக்கர் இருந்தனர். பின்னர் அவர் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கென்று வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். மிசன் பாடசாலையிற் படித்த எமக்கு இக்கதை பரிசளிப்பு விழாக்களிற் கேட்டுக் கேட்டுப் பழகியது. அங்கே அவருடைய தமிழ்த் தொண்டைப் பற்றியே பேசுவார்கள். எமது மனத்தில் தங்கியது வேறொன்று. புத்தகமும் நோயாளியும் ஒரே முற்றத்தில் இருந்தமையால், காலையிற் படித்ததை அன்றைக்கே கண்ணாற் பார்க்கும் வாய்ப்பு அந்த மாணாக்கருக்கு இருந்தது. நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் நாம் எத்தனையோ கட்டடங்களைக் கட்டியிருக்கிறோம். அந்த ஒரே முற்றத்தை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பொறியியலில் இம்முறையை ஒழுங்குபட வகுத்தவர் அமெரிக்க நாட்டின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்து ஹேர்மன் ஷ்னைடர் என்பார். வேலை செய்துகொண்டே படித்த மாணாக்கர் தொழிலிற் சிறந்து விளங்கியதைக் கண்டு, 1906-ஆம் ஆண்டு 27 பேருடன் அவர் தொடங்கினார். ஒரு பாதியினர் வகுப்பில் இருக்கும்போது மறுபாதியினர் பட்டறையில் நிற்பர். பின்னர் இடம் மாறுவர். கனடாவில் 1957-இல் தொடங்கிய வாட்டலூப் பல்கலைக்கழகம் இம்முறையையே தனது அடித்தளமாகக் கொண்டது. இரண்டாம் உலகயுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், 1948-இல், ஐரோப்பிய நாடுகள் பத்தின் பிரதிநிதிகள் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் கூடி, மாணாக்கரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தொழிற் பயிற்சிக்கு அனுப்பும் சங்கமொன்றை அமைத்தனர். யுத்தத்தின் அழிவு மாறாத காலத்திலேயே, தம் பிள்ளைகளை ஒருவர் பட்டறைக்கு மற்றவர் அனுப்பத் துணிந்தனர் என்பது சிறிய காரியமன்று.

இனி எமது வீட்டு நிலைமையைப் பார்ப்போம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் பெரியோர் பலர் கண்ணாற் கண்டிருப்பீர்கள். 1950-இல் தொடங்கியது, யுத்தத்தால் 1990-இல் நின்றுபோனது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவ்வாறே யுத்தத்தில் அழிந்தது. கிழக்கே வாழைச்சேனைக் காகித ஆலை நன்றாக நடந்த காலமும் ஒன்றிருந்தது. அவை வெறும் வேலைத்தலங்கள் அல்ல. ஒரு சுண்ணாம்புக்கல் சூளைக்குள் எப்படிச் சீமெந்தாகிறது என்பதைக் காங்கேசன்துறைக்குச் சைக்கிளிற் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய காலம் இருந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, மாணாக்கர் இருக்கின்றனர், ஆசிரியர் இருக்கின்றனர். அவர்கள் போய்ப் பழகுவதற்குப் பெரிய ஆலை அயலில் இல்லை. ஆகவே அவர்களிற் பலர் பயிற்சிக்கென்று கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் செல்ல வேண்டியவராகின்றனர். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேட்கும்படி வேண்டுகிறோம்.

பயிற்சிக்கு இடம் தேடுவது எப்படி? பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தொழில் வழிகாட்டற் பிரிவு உண்டு. பொறியியலாருக்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் உண்டு. 1971-ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டத்தால் ஏற்பட்ட சபையின் வழிவந்தது அது. ஆனால் எல்லாப் பீடத்தாருக்கும் எல்லா இடங்களையும் இவர்களே தேடித் தர இயலாது. மாணாக்கரே தேட வேண்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்றால், ஒரே கடிதத்தை ஐம்பது பிரதி எடுத்து ஐம்பது நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். "தங்கள் மேலான நிறுவனத்தில் எத்துறையிலாயினும் பயிற்சி பெற விரும்புகிறேன்" என்று அதில் இருக்கும். எத்துறையிலாயினும் என்றால் எத்துறையிலும் விருப்பமில்லை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதிலே எப்பகுதியைப் பார்க்க ஆசை, தனக்கு ஏற்கெனவே என்ன செய்யத் தெரியும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வர முடியும் என்று அரைப்பக்கத்தில் எழுதிய கடிதம் ஐந்து போதும். இரண்டு கிழமை பொறுத்து ஒரு தொலைபேசி அழைப்பு. அழைப்பை எடுப்பவர் ஒரு எழுதுவினைஞராக இருப்பார். அவரிடம் மரியாதையாகப் பேசியவனின் கடிதமே கோப்பின் மேலே வரும். இது எந்த வழிகாட்டியிலும் எழுதப்படாத உண்மை.

எல்லாவற்றிலும் பயனுள்ள வழி, முந்திய ஆண்டில் அங்கே போய் வந்த அண்ணாவையோ அக்காவையோ கேட்பது. அங்கே வேலை காட்டித் தருகிறார்களா, யார் பொறுமையாகச் சொல்லித் தருவார், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்விடத்தில் ஆள் பிடிப்பது பற்றியும் பேசாமல் விட முடியாது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இடம் வேண்டுமென்றால், மாமா ஒருவர் வங்கியில் இருக்கிறாரா, சித்தப்பாவின் நண்பர் எந்தத் திணைக்களத்தில் இருக்கிறார் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அறிந்தவரிடம் செய்தி கேட்பது தவறன்று. அறிந்தவரைக் கொண்டு இடத்தைப் பறிப்பது வேறு. அந்த இடத்துக்குப் பொருத்தமான மற்றொரு பிள்ளை, மாமா இல்லாத காரணத்தினால் மாத்திரம், வெளியே நிற்பான். வைத்தியர்களைப் பாருங்கள். அவர்களின் உள்ளகப் பயிற்சிக்குரிய இடங்கள் பரீட்சையின் திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. கூலித் தொழிலாளியின் மகளும் ஆலோசகரின் மகனும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். அந்த வரிசையிற் குறை சொல்வாரும் உண்டு. ஆயினும் அங்கே மாமாவுக்கு வேலையில்லை.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கற்பது என்ன? இதற்கு எமது தோழர் ஒருவரின் அநுபவத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி கேட்கிறோம்.

அவர் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கட்டட வேலைத்தலத்தில் பயின்றார். கொங்கிறீற்று இளக்கமாக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கூம்புச் சோதனை உண்டு. முந்நூறு மில்லிமீற்றர் உயரமான இரும்புக் கூம்பு. அடியில் இருநூறு, தலையில் நூறு மில்லிமீற்றர் அகலம். கலவையை மூன்று படையாக இட்டு, ஒவ்வொரு படையையும் கம்பியால் இருபத்தைந்து தரம் குத்தி, கூம்பை மெல்லத் தூக்கினால் கலவை தானே சிறிது அமரும். எவ்வளவு அமர்ந்தது என்பதை அளப்பார்கள். இதனை அவர் பரிசோதனைக்கூடத்தில் ஐந்தாறு முறை செய்தவர், புள்ளியும் வாங்கியவர்.

வேலைத்தலத்தில் ஒருநாள் மத்தியானம். வெயில் கொளுத்துகிறது. கலவை தட்டுக்கு ஏறுவதற்கு முன்னே இறுகத் தொடங்கிவிட்டது. மூத்த மேசன் ஒருவர், முப்பது ஆண்டு கரண்டி பிடித்தவர், இவரைப் பார்த்து, "தம்பி, ஒரு வாளி தண்ணி விடட்டே? லேசாய் ஓடும்" என்கிறார். தண்ணீர் கூடக் கூடக் கொங்கிறீற்றின் பலம் குறையும் என்று புத்தகம் சொல்கிறது. தண்ணீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதத்தை அவர் பரீட்சையில் எழுதியிருக்கிறார். ஆனால் தகப்பன் வயதுள்ள ஒருவரைப் பார்த்து, பத்துப் பேர் முன்னிலையில், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று புத்தகத்தில் இல்லை.

அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஓடினார். உத்தியோகத்தர் ஒருவரையும் ஏசவில்லை. அந்த ஒரு தொகுதியை வேலைக்கு எடாமல் ஒதுக்கி, அதிற் பாதிக்கு மேசன் கேட்டபடி தண்ணீர் விட்டு, இரண்டு பாதியிலும் நூற்றைம்பது மில்லிமீற்றர்க் கட்டிகள் வார்ப்பித்தார். ஏழாம் நாள் அவற்றைப் பல்கலைக்கழகப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் நசுக்கிப் பார்த்தார்கள். மேசனையும் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதே இதில் முக்கியம். தண்ணீர் விட்ட கட்டி முதலில் நொருங்கிற்று. இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்ற மேசன், "அப்ப நாங்கள் தண்ணியைக் கூட்டேல்லை தம்பி, சீமெந்தைத்தான் குறைச்சிருக்கிறம்" என்றாராம். தண்ணீர்-சீமெந்து விகிதத்தை இதைவிடச் சுருக்கமாக ஒரு பேராசிரியரும் எமக்குச் சொன்னதில்லை.

கதை இதனோடு முடியவில்லை. திரும்பி வரும் வழியில் அந்த மேசன் கேட்டாராம்: "தண்ணி விடக் கூடாது, சரி. வெயிலிலை இறுகுதே, அதுக்கு என்ன செய்யிறது?" தோழரிடம் விடை இல்லை. விடையை மேசனே சொன்னார். கல்லும் மணலும் வெட்டவெளியிற் காய்ந்து சூடேறிக் கிடக்கின்றன. அவற்றின் மேல் ஓலை மறைப்புப் போட்டு, கல்லுக்கு முன்னதாகவே தண்ணீர் தெளித்துவைத்தால் கலவை இவ்வளவு விரைவில் இறுகாது. பலகையையும் நனைக்க வேண்டும். ஆட்கள் தயாராக நின்ற பிறகே கலக்கத் தொடங்க வேண்டும். இப்போது கலந்து வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். இவையெல்லாம் புத்தகத்திலும் உள்ளவையே. வெயிலிற் கொங்கிறீற்று வேலை என்ற அத்தியாயத்தில் இருக்கின்றன. தோழர் அந்த அத்தியாயத்தை மேசன் சொன்ன பின்னரே தேடிப் படித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொல்வர். பயிற்சிக்குப் போய் வந்தவர் அதனோடு முழுவதும் உடன்படார். தோட்டத்துச் சுரைக்காயைக் கையிற் பிடித்த பிறகு ஏட்டுச் சுரைக்காயையும் ஒருதரம் விரித்துப் பார்க்கத் தோன்றும். அப்போதுதான் அதுவும் கறிக்கு உதவத் தொடங்கும்.

இக்கதையில் எல்லாம் நன்றாக அமைந்தது ஒரு மனிதராலே. அந்த உத்தியோகத்தர் நேரம் செலவிட்டார். அவர் இல்லாத இடங்களும் உண்டு. பெயர் சொல்ல வேண்டாத ஒரு நிறுவனத்தில் எம்மவர் ஒருவர் மூன்று மாதம் பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். தேநீரும் வாங்கிக் கொடுத்தார். தேநீர் வாங்குவது இழிவென்று நாம் சொல்லவில்லை. புதிதாக வந்தவன் நாலு நாள் அதைச் செய்தால் எல்லோருடைய பெயரும் முகமும் மனப்பாடமாகும். மூன்று மாதம் செய்தால் அது பயிற்சி அன்று. வேலை பெரிதா சிறிதா என்பதை வைத்து இடத்தை அளக்கக் கூடாது. செய்த வேலையை யாரேனும் எடுத்துப் பார்த்து, இவ்விடம் பிழை, இதை இப்படிச் செய் என்று திருப்பிக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். திருத்துவார் உள்ள இடத்தில் கோப்புக்கு இலக்கமிடுவதும் கல்வி. திருத்துவார் இல்லாத இடத்தில் பாலம் கட்டினாலும் அது வேடிக்கை பார்த்தலே.

பயிலுநர் ஒவ்வொருவரும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்ற விதி உண்டு. அன்றன்று செய்ததைப் படத்தோடு எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற வேண்டும். கடைசிக் கிழமையில் ஒரே பேனையால், ஒரே மையில், மூன்று மாதத்தையும் எழுதி முடிக்கும் வீரரும் மாணாக்கருள் உளர். அவர்களின் குறிப்பிலே எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்: அவதானித்தேன், அவதானித்தேன், அவதானித்தேன். நாட்குறிப்புக்கு நாம் ஒரு சிறிய உபாயம் கண்டுள்ளோம். அன்றைக்கு என்ன செய்தேன் என்பதோடு, அன்றைக்கு என்ன கேட்டேன், யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார் என்றும் எழுதுவது. ஒரு கேள்வியும் கேளாத நாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்து கண்ணைக் குத்தும். மேற்பார்வையாளரும் அதைப் படிக்கும்போது தாம் கற்பிக்கிறோமா என்று தாமே பார்த்துக்கொள்வார்.

கொழும்புக்குப் போகும் எம்மவருக்கு இன்னொரு பாடமும் கிடைக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தாற் காலம் தள்ளலாம். வேலைத்தலத்திற் கம்பி கட்டுபவரோடும் மின்சாரக்காரரோடும் ஆங்கிலத்தாற் காலம் தள்ள முடியாது. மிசன் பாடசாலையிற் படித்து, ஆங்கிலம் ஓரளவு கைவந்த எமக்கே, தேநீர்ச் சாலையில் நாலு பேர் சிங்களத்திற் சிரித்துப் பேசும்போது நடுவில் ஊமையாக இருப்பது எத்தகையது என்று நன்றாகத் தெரியும். எம்மவர் சிலர் மூன்று மாதத்தில் அளவுகோலுக்கும் ஆணிக்கும் ஏணிக்கும் சிங்களப் பெயர் கற்று, பின் குடும்ப நலம் விசாரிக்கும் அளவுக்கு வந்துள்ளனர். அவர்களோடு வேலை செய்தவர்களும் தமிழில் நாலு சொல் கற்றனர். இதற்கு யாரும் புள்ளி கொடுப்பதில்லை.

ஊரை விட்டுப் போகாமலே பயிலும் வழியும் இப்போது பிறந்திருக்கிறது. கூகிள் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தொடங்கிய 'கோடைக்கால நிரலாக்கம்' என்ற திட்டத்தைச் சொல்லுகிறோம். உலகெங்கும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள்களுக்கு மாணாக்கர் தம் வீட்டிலிருந்தே நிரல் எழுதுவர். வேறொரு நாட்டிலுள்ள அநுபவசாலி ஒருவர் வழிகாட்டுவார். முடித்தால் உதவிப்பணம் உண்டு. கூகிள் இதனைத் தன் நிறுவனத்து உத்தியோகப் பயிற்சி என்று சொல்வதில்லை. 2022 முதல் மாணாக்கர் அல்லாத புதியவரும் சேரலாம். இத்திட்டத்தின் முதற் பத்தாண்டுக் கணக்கில் உலகிலேயே மிகக் கூடுதலான மாணாக்கரைத் தந்தது அமெரிக்கப் பல்கலைக்கழகம் எதுவுமன்று. எமது நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004-ஆம் ஆண்டு கடற்கோளின் பின், காணாமற் போனோரையும் முகாம்களையும் கணக்கெடுப்பதற்காக எமது நாட்டுத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா' என்னும் மென்பொருளும் இத்திட்டத்தில் மாணாக்கரை ஏற்றுப் பயிற்றியிருக்கிறது.

மொறட்டுவையாருக்கு இது எப்படி முடிந்தது? மூளை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒருவர் தேறினால், விண்ணப்பம் எழுதுவது எப்படி, வழிகாட்டியோடு மின்னஞ்சலில் பேசுவது எப்படி என்று அடுத்த ஆண்டாருக்கு அவர் சொல்லிக் கொடுத்தமையே பெரும் காரணம் என்பது எமது துணிபு. இங்கே எழுதும் நிரலைப் பலரும் பார்க்க, பலரும் திருத்துவர். முதல் நாளில் முகம் சிவக்கும். ஆயினும் முன்னர் சொன்னோமே, திருத்துவார் உள்ள இடம் என்று, அது இதுவே.

கலைப்பீடத்து நண்பர்கள், இவையெல்லாம் பொறியியலாருக்கும் கணினியாருக்கும் உரியவை, எமக்கென்ன என்று கேட்கின்றனர். அக்கேள்வி நியாயமானது. எண்ணிக்கையிற் பெரியோர் அவர்களே. பயிற்சி இடங்களிற் குறைந்தோரும் அவர்களே. 1981-இல் எரியுண்டு மீண்டெழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாம் அறிவோம். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் என்னும் முயற்சியையும் அறிவோம். பழைய பத்திரிகை ஒன்றைக் கிழியாமற் பிரித்து, படியெடுத்து, பெயர், ஆண்டு, பொருள் குறித்து வகைப்படுத்துவது எத்தனை நுட்பமான தொழில்! சரித்திரமும் தமிழும் படிப்போர் இரண்டு மாதம் இத்தகைய வேலையிற் கை பழகினால், ஆவணம் என்பது என்னவென்று பிறகு விளக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகம், பத்திரிகைக் கந்தோர், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் கதவுகளையும் தட்டலாம். தட்டிப் பார்த்தவர் குறைவு.

கடைசியாகப் பணம். இதைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று சிலர் நினைக்கின்றனர்; பேசாவிட்டால் இவ்வளவு நேரம் பேசியது வீண். பயிலுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்பது பெரிய நாடுகளிலும் தீராத வழக்கு. அமெரிக்காவில், றெயில்வேயில் ஒரு கிழமைப் பயிற்சி பெற்றவர்கள் ஊழியர் அல்லர் என்று உயர்நீதிமன்றம் 1947-இல் தீர்ப்பளித்தது. அதனைப் பிடித்துக்கொண்டே பல நிறுவனங்கள் இளைஞரை இலவசமாக வேலை வாங்கின. திரைப்படமொன்றிற் சம்பளமின்றி வேலை செய்த பயிலுநர் வழக்குத் தொடுத்து 2013-இல் வென்றனர். 2015-இல் மேன்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை நீக்கி, பயிற்சியால் யாருக்கு முதன்மையான நன்மை என்று பார்க்க வேண்டும் என்றது. சனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே பயிலுநருக்குக் கொடுப்பனவு வழங்கத் தொடங்கியது 2022-இற்றான். பிரான்சு தேசத்திலோ இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குக் கொடுப்பனவு சட்டப்படி கட்டாயம்.

யாருக்கு நன்மை என்ற கேள்வியோடு எமது ஊரில் வேறொரு கேள்வியும் சேருகிறது. யாராற் போக முடியும்? கொழும்பில் வீடுள்ள மாணாக்கனுக்குப் பயிற்சிக் கொடுப்பனவு கைச்செலவு. கிளிநொச்சியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போகும் மாணாக்கனுக்கு அது அறை வாடகைக்கே காணாது. சாப்பாடும் பஸ் காசும் வீட்டிலிருந்து வர வேண்டும். வீட்டிலோ தங்கையின் ரியூஷன் காசு நிற்கிறது. எமது வகுப்பிற் கெட்டிக்காரர் ஒருவருக்கு அவர் விரும்பிய துறையிலேயே கொழும்பில் இடம் கிடைத்தது. கணக்குப் பார்த்தார், கடிதம் எழுதி வேண்டாம் என்றார். ஊருக்கு அருகில் கிடைத்த இடத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் காட்டித் தர வேலை இருக்கவில்லை. பெண்பிள்ளைகளின் காரியம் இதனிலும் கடினம். இடமும் பணமும் இருந்தாலும், தெரியாத ஊரில் எந்த வீட்டிற் பிள்ளையை விடுவது என்று பெற்றோர் தயங்குகின்றனர். தயங்குவது இயல்பே.

சபையோரே, இங்கே நாம் கேட்பது பணமன்று. எமது சங்கத்தின் பழைய அங்கத்தவர் பலர் கொழும்பு, வத்தளை, தெகிவளை ஆகிய இடங்களிற் குடும்பமாக வாழ்கின்றனர். அவர்கள் வீட்டில் ஓர் அறை, பிள்ளைகள் வெளிநாடு போனபின் பூட்டிக் கிடப்பதும் உண்டு. மூன்று மாதத்துக்கு, நியாயமான வாடகைக்கு, சங்கம் பொறுப்புச் சொல்லும் ஒரு மாணாக்கனையோ மாணவியையோ ஏற்க முடிந்தவர்களின் பெயரைச் செயலாளர் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். அக்கொப்பியின் மறுபக்கத்தில், போய் வந்த மாணாக்கர் தாம் பயின்ற இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும்: அங்கே என்ன பழகலாம், யாரைக் கேட்க வேண்டும், செலவு எவ்வளவு என்று. அடுத்த தொகுதியினர் இவ்வாண்டின் பிற்பகுதியிற் புறப்படுகின்றனர். அவர்கள் விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் அக்கொப்பி சங்க மேசையில் இருக்க வேண்டும். முதற் பக்கத்தை எழுதுவதற்கு எம்மில் மூவர் இன்று பேனையோடு வந்திருக்கிறோம். கூட்டம் முடிந்தபின் வாசலண்டை நிற்போம்.